கொண்டாட மனமில்லாத வீட்டில் ஈஸ்டர்

கேள்வி: சென்ற ஆண்டு என் மாமியார் இறந்துவிட்டார். எங்கள் வீட்டு ஈஸ்டரே அவர்தான். ஜெபம், விருந்து, யாரை அழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த ஆண்டு கணவருக்குக் கொண்டாட மனமில்லை. 12, 7 வயதுப் பிள்ளைகளுக்கோ புது உடையும் விருந்தும்தான் ஈஸ்டர். அதன் பொருளை எப்படி உணர்த்துவது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கணவரை அவர் போக்கில் விடுங்கள். முதல் ஈஸ்டர் காலையில் யாருக்குமே பண்டிகை மனநிலை இல்லை. பெண்கள் இயேசுவின் உடலுக்குப் பூச நறுமணப் பொருள்களோடுதான் கல்லறைக்குப் போனார்கள். திரும்பி வந்து, அவர் உயிர்த்துவிட்டார் என்று அவர்கள் சொன்னதைச் சீடர்கள் பிதற்றல் என்று தள்ளினார்கள் (லூக்கா 24:11). துக்கம் உள்ள வீடு ஈஸ்டருக்கு மிக அருகில்தான் இருக்கிறது.

பல வீடுகளில் நடக்கும் தவறு, பெரிய சனிக்கிழமையை முழுக்கச் சமையலுக்கும் கடைக்கும் கொடுத்துவிடுவது. வெள்ளியன்று சிலுவை, ஞாயிறன்று விருந்து என்று தாவினால், நடுவில் கல்லறை மூடிக் கிடந்தது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். கடை வேலையைப் புதன்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் போதும். மேசையில் மாமியாரின் படம் மட்டும் இருக்கட்டும். ஈஸ்டருக்கு அவர் என்னென்ன செய்வார் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, பெரிய பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். கணவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி. அந்தப் பட்டியலிலிருந்து வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: விருந்துக்கு அழைப்பது பெரிய பிள்ளை, மெழுகுதிரி ஏற்றுவது சின்னவர். எல்லாவற்றையும் நீங்களே தலையில் போட்டுக்கொண்டால் ஞாயிறு மதியம் களைப்பில் எரிந்து விழுவீர்கள். பிள்ளைகள் மனதில் அதுதான் நிற்கும்.

சனிக்கிழமை இரவு நடக்கும் ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்குப் போவதானால், சின்னவர் தூங்கிவிடுவார் என்பதை எதிர்பார்த்தே போங்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மட்டும் ஏழு வரை இருக்கும். வழிபாடு இரண்டு மணி நேரத்தைத் தாண்டலாம். மதியம் தூங்க வையுங்கள். பார்க்க வேண்டியவற்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இருட்டில் மூட்டும் புதுத் தீ, பாஸ்கா திரி எனும் பெரிய மெழுகுதிரியில் பதித்த இந்த ஆண்டின் நான்கு எண்கள், சிலுவைக் குறியில் செருகும் ஐந்து சாம்பிராணி மணிகள். சுடரை வாங்கும்போது எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். எரிகிற திரியைச் சாய்த்தால் உருகிய மெழுகு பக்கத்தில் இருப்பவர் கையில் கொட்டும். வாசகங்களின்போது தூங்கினால் தூங்கட்டும், 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது எழுப்பினால் போதும். உங்கள் திருச்சபையில் அதிகாலை ஆராதனை மட்டும் என்றால் அங்கிருந்து நேரே மாமியாரின் கல்லறைக்குப் போய்வாருங்கள். அந்தப் பெண்களும் விடியற்காலையில் போனவர்கள்தானே.

ஞாயிறு விருந்துக்கு முன் லூக்கா 24:13-35 வாசியுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. எருசலேமிலிருந்து எம்மாவூருக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். சோர்ந்துபோன இருவரோடு இயேசு நடந்து வருகிறார். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. 29ஆம் வசனத்தோடு நிறுத்தி, "ஏன் தெரியவில்லை?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிட வேண்டாம். மீதியை வாசித்து, ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுங்கள். வழியெல்லாம் மறைநூல் விளக்கம் கேட்டபோது நெஞ்சு பற்றி எரிந்ததே தவிர, ஆள் பிடிபட்டது அப்பத்தைப் பிட்ட மேசையில்தான். பிள்ளைகளுக்கும் உங்கள் உரை தேவைப்படாது.

சீடர் தோமாவை எல்லோரும் சந்தேகப்பட்டவராகவே நினைக்கிறோம். அதற்கு முன், உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றிய அன்று அவர் மற்றவர்களோடு இல்லாதவர். எட்டு நாள் கழித்து அவர்களோடு இருந்தபோதுதான் கண்டார். இந்த ஆண்டு யாரையாவது இழந்து, கோயில் பக்கமே வராமல் இருக்கும் குடும்பம் உங்கள் பங்கிலோ சபையிலோ இருக்கும். ஒரே ஒரு குடும்பம் போதும். ஈஸ்டர் ஞாயிற்றிலேயே போக வேண்டியதில்லை. ஈஸ்டர் காலம் பெந்தெகோஸ்தே வரை 50 நாள் நீள்கிறது. அவர்களுக்கு வசதியான நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். கணவரையும் கூப்பிடுங்கள், இந்த வீட்டுக்கு அவர் வரக்கூடும். உணவுப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையால் கொடுக்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். அது துக்கத்தில் இருப்பவரை ஏழையாக்கிவிடும். "கடவுளிடம் போய்விட்டார்" என்று அவசரமாகத் தேற்றாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். கொண்டுபோனதை அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.