வாசகர் கேள்வி: லேத் வேலையா, மெக்கானிக் வேலையா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன், ஒரு கைத்தொழிலில் பயிற்சி பெற விரும்புகிறேன். பம்பு, மோட்டார் போன்றவற்றைப் பிரித்துப் பார்ப்பதில் ஆர்வம் அதிகம். கணக்கும் நன்றாக வரும். வீட்டில் சிஎன்சி மெஷினிஸ்ட் (கணினி வழி இயங்கும் இயந்திரத்தில் உலோகத்தை வெட்டி உருவாக்குபவர்) ஆகச் சொல்கிறார்கள். தெரிந்தவர்களோ, அதையெல்லாம் இனிக் கணினியே செய்துவிடும், மெக்கானிக் ஆவதே மேல் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இரண்டும் இரும்போடு பழகும் தொழில்களே என்றாலும், வேலை தொடங்கும் இடத்திலேயே அவை பிரிந்துவிடுகின்றன. மெஷினிஸ்டின் கையில் டிராயிங் இருக்கிறது. எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். மெக்கானிக்குக் கிடைப்பதோ ‘சத்தம் வருகிறது’, ‘சூடேறுகிறது’ என்ற ஒரு வரிப் புகார்தான். என்ன செய்ய வேண்டும் என்பதையே அவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒரு பம்பில் பேரிங் அடிக்கடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய பேரிங்கை மாட்டிவிட்டுப் போவது எளிது. நல்ல மெக்கானிக் பழைய பேரிங்கைத் தூக்கி எறியாமல் துடைத்து, குண்டுகள் ஓடிய தடத்தைப் பார்ப்பார். தடம் ஒருபுறம் சாய்ந்திருந்தால் மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் இல்லையோ என்று ஐயுற்று, சிறு விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சரிபார்ப்பார். உள்வளையம் தண்டின் மேல் வழுக்கிச் சுழன்ற பளபளப்பு தெரிந்தால், மைக்ரோமீட்டரை எடுத்துத் தண்டையே அளப்பார். தண்டு தேய்ந்திருந்தால் வேலை லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்குப் போகிறது.

அங்கே வேறு வகைப் பொறுமை வேண்டும். 25 மில்லிமீட்டர் தண்டில் பேரிங் இறுக்கமாக உட்கார, கே6 என்ற பொருத்த அளவின்படி விட்டம் 25.002 முதல் 25.015 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கடைந்த சூட்டோடு அளந்தால் கணக்கு தவறிவிடும். அறை வெப்பத்தைவிட 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும் அந்த எஃகுத் தண்டு, சுமார் 0.011 மில்லிமீட்டர் பருத்திருக்கும். அனுமதித்த இடைவெளியே 0.013தான் என்பதால், சூட்டில் சரியாகத் தெரிந்த ஜாப் (கடையும் பொருள்) ஆறியதும் அளவு குறைந்து வீணாகிவிடக்கூடும்.

கணினி வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சத்தில் பாதி உண்மை. ஜாப்பை மாட்டிப் பொத்தானை அழுத்துவது மட்டுமே வேலையென்றால், அதை ரோபோ கை ஏற்கெனவே செய்கிறது. ஆனால் ஜாப்பை எப்படிப் பிடிப்பது, எந்த டூலை எந்த வரிசையில் விடுவது என்று முடிவெடுப்பது, முதல் ஜாப்பை அளந்து பார்ப்பது, டூல் முனை தேயத் தேய ஆஃப்செட்டை (இயந்திரத்தில் பதிந்துவைத்த டூல் அளவை) திருத்துவது எல்லாம் அனுபவமுள்ளவரின் அறிவைக் கேட்பவை. ஆகவே சிஎன்சிக்குப் போவதானாலும் சாதாரண லேத்தில் தொடங்குங்கள். அதிர்வின் சத்தத்தையும், கைப்பிடியில் உணரும் அழுத்தத்தையும், வெட்டுண்டு வரும் உலோகச் சுருளின் நிறத்தையும் திரை கற்றுத்தராது. உங்கள் கணக்கும் அங்கே பயன்படும்: 30 மில்லிமீட்டர் விட்டத்தை நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைய வேண்டுமானால் சுமார் 320 சுற்று என்று நீங்களே போட்டுவிடுவீர்கள்.

உடல் பாடும் கணக்கில் வர வேண்டும். லேத்காரருக்கு நாள் முழுதும் நின்ற வேலை, கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) படும் கைகள். மெக்கானிக்கை இயந்திரம் நின்ற நேரத்தில், அது இரவானாலும், கூப்பிடுவார்கள்; குனிந்தும் படுத்தும் செய்ய வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தைத்தான். பிரிப்பது பலருக்கும் பிடிக்கும். பிரித்ததைத் திரும்பப் பூட்டி ஓட வைத்தீர்களா, ஓடாதபோது காரணம் தெரியும்வரை மனம் அமைதியில்லாமல் இருந்ததா? ஆம் என்றால் தயங்காமல் மெக்கானிக் பயிற்சிக்குப் போங்கள். தேய்ந்த தண்டையும் அதைத் தாங்கும் புஷ் என்ற வளையத்தையும் தானே கடையத் தெரிந்த மெக்கானிக்குக் கிராக்கி அதிகம் என்பதால், லேத்தையும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். மாறாக, பூட்டுவதைவிட ஒரு பொருளைத் துல்லியமாக உருவாக்குவதே இன்பம் தருமானால், வீட்டார் சொல்வது சரியான வழி.

எங்கே சேர்ந்தாலும், முதல் ஆண்டில் மைக்ரோமீட்டரை உங்கள் கையில் கொடுப்பார்களா, பழுதின் காரணத்தை விளக்கிச் சொல்வார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். பெருக்கவும் சுமக்கவும் மட்டுமே ஆள் தேடும் பணிமனையானால் வேறு இடம் பாருங்கள்.