வாசகர் கேள்வி – பதில்: வலையருகே நின்ற இடதுகைக்காரர்

சென்ற இதழில் டென்மார்க்கின் ஓய்வுபெற்ற இரட்டையர் ஆட்டக்காரர் மத்தியாஸ் போ பற்றி நான்கு வரிக் குறிப்பொன்று வெளியானது. அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் பட்மின்டன் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே விதமானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

போவின் விளையாட்டு வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? ஒலிம்பிக் தங்கம் வென்றாரா? – ஹட்டன் வாசகர்

தங்கம் இல்லை, வெள்ளி. 1980 ஜூலை 11 அன்று பிறந்த போவின் பெயரை கார்ஸ்டன் மோகன்சன் என்ற பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பெரிய வெற்றிகள் எல்லாம் அந்த ஜோடிக்கு உரியவை. மோகன்சன் வலதுகை, பின்னாலிருந்து பலமாக ஸ்மாஷ் (ஷட்டிலைக் கீழ்நோக்கி வேகமாக அடிக்கும் அடி) அடிப்பவர். போ இடதுகை, வலையருகே நின்று எதிராளியின் பதிலை மடக்குபவர்.

2011இல் மலேசியாவின் கூ கியென் கியெட் – டான் பூன் ஹியோங் ஜோடியை வென்று, பட்மின்டனின் பழம்பெரும் போட்டியான ஓல் இங்லண்ட் பட்டம் பெற்றார்கள். 2010, 2011, 2012 ஆகிய மூன்று பருவங்களிலும் சுப்பர் சீரிஸ் இறுதித் தொடர் (பருவத்தின் சிறந்த ஜோடிகள் மோதும் முடிவுப் போட்டி) தொடர்ந்து அவர்களுக்கே கிடைத்தது. உலகத் தரவரிசையில் முதலிடத்திலும் இருந்தார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதிதான் அந்த ஜோடியின் குணத்தைக் காட்டிய ஆட்டம். கொரியாவின் லீ யொங்-டே – ஜங் ஜே-சங்கிடம் முதல் செட்டை 17-21 என இழந்து, அடுத்ததை 21-18 என எடுத்து, மூன்றாவதை 22-20 என முடித்தார்கள். இறுதியில் சீனாவின் காய் யுன் – ஃபூ ஹாய்ஃபெங் 21-16, 21-15 என வென்றார்கள். அதே ஃபூ ஹாய்ஃபெங் வேறொரு ஜோடியோடு, ஸாங் நானுடன், வந்தபோது 2015 ஓல் இங்லண்ட் இறுதியில் போவும் மோகன்சனும் அவரை வீழ்த்தினார்கள். 2013 உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தோனேசியாவின் முகமது அஹ்சான் – ஹெந்த்ரா செத்தியவானிடம் 13-21, 21-23 எனத் தோல்வி. ஐரோப்பியப் பட்டம் 2012, 2017 என இரண்டு முறை. 2020 ஏப்ரலில், 39 வயதில் ஓய்வு.

லண்டனில் நம் நிலூக்க கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி தாகோவை வீழ்த்தியதும் அதே ஒலிம்பிக்கில்தான். அதையும் நினைவில் வைத்திருங்கள்.

நடிகை டாப்சியைத் திருமணம் செய்தவர் இவர்தானா? – தலவாக்கலை வாசகி

ஆம், இவர்தான். 2024 மார்ச்சில் திருமண விழா நடந்தது.

என் 11 வயது மகள் இடது கையால் ஆடுகிறாள். வீட்டுப் பெரியவர்கள் சோற்றுக்கையால் பிடிக்கச் சொல்கிறார்கள். மாற்றலாமா? – பண்டாரவளை வாசகி

மாற்றவே வேண்டாம். இரட்டையர் ஆட்டத்தில் இடதுகைப் பிள்ளை கிடைத்தால் பயிற்றுநர்கள் மகிழ்வார்கள். காரணத்தை ஒரு தாளில் வரைந்து பெரியவர்களுக்குக் காட்டுங்கள்.

இருவரும் வலதுகையாக இருந்து பக்கம் பக்கமாக நின்று தடுத்தால், ஒருவரின் பேக்ஹேண்ட் (புறங்கைப் பக்கம்) எப்போதும் நடுவில் வரும், மற்றவரின் பேக்ஹேண்ட் இடது ஓரத்தில் இருக்கும். எந்தப் பக்கம் எப்படி மாறி நின்றாலும் இது மாறாது. ஒருவர் இடதுகையானால் நீங்களே தெரிவு செய்யலாம். இடதுகைக்காரர் வலப்பக்கமும் வலதுகைக்காரர் இடப்பக்கமும் நின்றால் இரண்டு போர்ஹேண்டும் (உள்ளங்கைப் பக்கம்) நடுவில் சேரும். நடுவில் வரும் ஸ்மாஷ் செல்லாது. பக்கங்களை மாற்றிக்கொண்டால் போர்ஹேண்ட் இரண்டும் ஓரங்களுக்குப் போகும். ஓரக்கோட்டை நம்பி அடிக்கும் எதிராளிக்கு அது தலைவலி. தாக்கும்போதும் அப்படித்தான். பின்மூலை ஒவ்வொன்றிலும் தலைக்கு மேல் போர்ஹேண்டால் அடிக்க ஒருவர் இருப்பார்.

இதில் வரும் பிழை ஒன்று உண்டு. நடுவில் இரண்டு போர்ஹேண்ட் இருப்பதால் இருவரும் ஒரே ஷட்டிலுக்குப் பாய்வார்கள், ரக்கெட் மோதும். ‘நடுவில் வருவது, எதிராளி அடித்த இடத்துக்குக் குறுக்கே நிற்பவருக்கு’ என்று முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யார் எடுத்தாலும் சத்தமாக ‘எனக்கு’ என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தின் கூரை தாழ்வு. ஷட்டிலை உயர்த்தினால் மரச்சட்டத்தில் படுகிறது. இங்கே பயிற்சி செய்வதில் பயன் உண்டா? – நானுஓயா இளைஞர் கழகம்

நிச்சயமாக உண்டு. போவைப் போன்ற ஒருவரின் ஆட்டத்தைப் பழக உங்கள் மண்டபம் தடையில்லை. இரட்டையர் ஆட்டத்தில் பெரும்பாலான புள்ளிகளின் போக்கு சேர்வ், அதை எடுப்பது, மூன்றாவது அடி, நான்காவது அடி ஆகியவற்றில் தீர்மானமாகிவிடுகிறது. இந்த நான்கில் எதற்கும் உயரம் தேவையில்லை. கூரையில் பட்டால் பிழை என்பதையே பயிற்சி விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: உயர்த்தியவர் புள்ளியை இழப்பார்.

முதலில் பேக்ஹேண்ட் குறுஞ்சேர்வ். சேர்வ் கோடு வலையிலிருந்து 1.98 மீற்றரில் இருக்கிறது. நடுக்கோடும் அதுவும் சந்திக்கும் மூலைக்கு அரை அடி பின்னால் முன்கால் இருக்கட்டும். ரக்கெட் பிடியின் அகலமான பக்கத்தில் பெருவிரலை வையுங்கள், பிடியின் மேல்நுனிக்கு அருகில் குறுக்கிப் பிடியுங்கள். ஷட்டிலை இறகின் நுனியில் இரண்டு விரலால் பிடித்து, தக்கை ரக்கெட்டை நோக்கி இருக்குமாறு வைத்து, பெருவிரலால் தள்ளுங்கள். அடிக்காதீர்கள், தள்ளுங்கள். ஷட்டில் தன் உச்சியை உங்கள் பக்கத்திலேயே தொட்டுவிட்டு, வலையைக் கடக்கும்போது இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். உச்சி வலைக்கு அப்பால் போனால் எதிராளி முன்னே பாய்ந்து கொன்றுவிடுவார். உயர்ந்து போவதற்குப் பெரும்பாலும் மணிக்கட்டு வெட்டுதான் காரணம். மற்றது, ரக்கெட்டை அதிகம் பின்னுக்கு இழுப்பது.

வலையின் மேல் நாடாவுக்கு 20 சென்றிமீற்றர் மேலே ஒரு நூலைக் கட்டுங்கள். எதிர்ப்பக்கச் சேர்வ் கோட்டுக்குச் சற்று அப்பால் ஒரு பயிற்சிக் கொப்பித் தாளை விரியுங்கள். நூலுக்கும் நாடாவுக்கும் இடையில் போய்த் தாளில் விழுந்தால் ஒன்று. 50 சேர்வில் எத்தனை என்று ஒவ்வொரு நாளும் எழுதி வையுங்கள். 30ஐத் தாண்டிய பிறகு நூலை 15 சென்றிமீற்றருக்கு இறக்கலாம்.

2018 முதல், சேர்வில் அடிபடும் கணத்தில் முழு ஷட்டிலும் தரையிலிருந்து 1.15 மீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு முன்னர் சேர்வ் போடுபவரின் கடைசி விலா எலும்பின் உயரம்தான் கணக்கு. ஆகவே உயரமானவர்களுக்கு அந்தப் பழைய விதி சாதகம். போவின் தலைமுறை தன் கடைசி ஆண்டுகளில் சேர்வை இந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கம்பில் 1.15 மீற்றரில் வர்ணம் பூசிப் பக்கத்தில் நட்டுவையுங்கள், பிள்ளைகள் தாங்களாகவே திருந்துவார்கள். ஷட்டிலைச் சுழற்றிவிட்டுப் போடும் சேர்வை யாராவது காணொளியில் பார்த்துப் பழகினால் நிறுத்துங்கள். 2023இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

சேர்வ் போட்ட கையோடு ரக்கெட்டை வலை நாடாவின் உயரத்துக்குத் தூக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். போட்டுவிட்டு, நன்றாகப் போயிற்றா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அரை நொடியில் மூன்றாவது அடி போய்விடும். சேர்வ் போட்டவர் வலைக்குச் சொந்தக்காரர், பின்னால் வருவது கூட்டாளியின் பாடு.

பிறகு டிரைவ். இருவர் பாதி அகலத்தில் எதிரெதிரே நின்று, நாடாவை ஒட்டித் தட்டையாக அடியுங்கள். 40 அடி, ஒன்றுகூட உயரக் கூடாது. ரக்கெட் நெஞ்சுக்கு முன்னால், முழங்கை உடம்பை விட்டு வெளியே, பிடி தளர்வு. படும் கணத்தில் மட்டும் விரல்களை இறுக்குங்கள். பிந்தி எடுத்தால் ஷட்டில் நாடாவுக்குக் கீழே இறங்கிவிடும், பிறகு மேல்நோக்கித்தான் அடிக்க முடியும். அதற்கு மருந்து கையில் இல்லை, காலில்தான்: ஓர் அடி முன்னே வைத்து எடுங்கள்.

மோகன்சனுக்குப் பெரிய நோய் வந்ததாகக் கேள்விப்பட்டோம். – பதுளை வாசகர்

2016 தொடக்கத்தில் மூளை இரத்தக்குழாயில் வீக்கம் கண்டறியப்பட்டது. சிகிச்சை பெற்று அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் போவுடன் களமிறங்கினார். குழு நிலையோடு வெளியேறினார்கள். ஆனால் மறு ஆண்டு ஐரோப்பியப் பட்டத்தை, அதுவும் டென்மார்க் மண்ணில், இருவரும் வென்றார்கள். எங்களைக் கேட்டால், லண்டன் வெள்ளிக்குச் சமமாக அந்தப் பட்டத்தை வைப்போம்.

கொழும்பில் வாங்கிய இறகு ஷட்டில் இங்கே எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கிறது. போலி ஷட்டிலா? – நுவரெலியா ஆசிரியர்

ஷட்டிலைக் குறை சொல்லாதீர்கள், காற்று மெல்லியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கினாலும், கொழும்போடு ஒப்பிட்டால் உங்கள் ஊர்க் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஷட்டிலைப் பிடித்து நிறுத்துவது காற்றின் தடைதான். அது குறைந்தால் பறக்கும். போ வளர்ந்த டென்மார்க்கில் இந்தத் தொல்லையே இல்லை. அந்நாட்டின் மிக உயர்ந்த மேடே 171 மீற்றர்தான்!

டியூப்பின் மூடியில் 75 முதல் 79 வரை ஓர் எண் இருக்கும். 75 மெதுவானது, 79 வேகமானது. ஓர் எண் கூடினால் விழும் இடம் ஏறத்தாழ 30 சென்றிமீற்றர் தள்ளிப் போகும். நீங்கள் 75 கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் ஷட்டிலானால் தக்கையைச் சுற்றிய பட்டியைப் பாருங்கள்: பச்சை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். பச்சையை எடுங்கள்.

சோதிக்கும் முறை: பின் எல்லைக்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழுப் பலத்தோடு, பக்கக் கோட்டுக்கு இணையாக அடியுங்கள். மறுபக்கப் பின் எல்லைக்கோட்டுக்கு 53 முதல் 99 சென்றிமீற்றர் முன்னால் விழுந்தால் சரியான வேகம். சின்னப் பிள்ளையை அடிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள், பலம் போதாது.

75உம் தாண்டிப் போனால் இறகு நுனியை மடிக்க வேண்டும். 16 இறகில் ஒன்று விட்டு ஒன்றாக எட்டை எடுத்து, நுனியில் 3 முதல் 5 மில்லிமீற்றரை வெளிப்புறமாக மடியுங்கள். மறுபடி சோதியுங்கள். இன்னும் நீளமாகப் போனால் மீதி எட்டையும் மடியுங்கள். உட்புறமாக மடித்தால் வேகம் கூடும், தவறிவிடாதீர்கள். மடிப்பு ஒரே அளவில் இல்லாவிட்டால் ஷட்டில் பறக்கும்போது தள்ளாடும். தள்ளாடும் ஷட்டிலைச் சேர்வ் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்குங்கள். போட்டிகளில் ஆட்டக்காரர் தாமாக மடிப்பது கூடாது, நடுவரிடம் சொல்லுங்கள்.

கண்டி 500 மீற்றர் அளவில்தான் இருப்பதால் அங்கே வித்தியாசம் சிறிது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் 1,200 மீற்றரைத் தாண்டும். அங்கும் 75தான் எடுக்க வேண்டும், எட்டு இறகு மடித்தால் போதுமா என்று சோதித்துப் பாருங்கள்.

போ பயிற்றுநராகவும் வெற்றி பெற்றாரா? – மஸ்கெலியா வாசகர்

டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன், 2021இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் – சிராக் ஷெட்டி ஜோடிக்குப் பயிற்சி தர வந்தார். டோக்கியோவில் அந்த ஜோடி, பின்னர் தங்கம் வென்ற தாய்வானின் லீ யாங் – வாங் சி-லின்னையே குழு ஆட்டத்தில் வென்றது. மூன்றில் இரண்டு வென்றும் காலிறுதி கிடைக்கவில்லை. 2022இல் இந்தியா தோமஸ் கிண்ணம் (ஆண்கள் உலக அணிப் போட்டி) வென்ற இறுதியில், சாத்விக்கும் சிராக்கும் வீழ்த்திய ஜோடியில் ஒருவர் முகமது அஹ்சான். 2013இல் போவை உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் தோற்கடித்த அதே அஹ்சான்.

2023இல் ஆசியப் பட்டம், ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், உலகத் தரவரிசையில் முதலிடம். ஸ்மாஷ் பலம் அந்த இருவரிடமும் முன்பே இருந்தது. தடுப்பும் சேர்வை அடுத்த அடிகளும் கூர்மையானதுதான் ஆட்டத்தில் கண்ட மாற்றம். பாரிஸ் 2024 காலிறுதியில் மலேசியாவின் ஏரன் சியா – சோ வூய் யிக்கிடம் முதல் செட்டை 21-13 என வென்ற பின் 14-21, 16-21 எனத் தோற்றார்கள். அதன்பின் பயிற்சிப் பணியிலிருந்தும் போ விடைபெற்றார்.

பெரிய ஆட்டக்காரர்கள் 30 இறாத்தலுக்கு நரம்பு கட்டுகிறார்களாம். நாங்களும் கட்டலாமா? – பொகவந்தலாவை பாடசாலை மாணவன்

வேண்டாம் தம்பி. 22 முதல் 24 இறாத்தல் போதும். இறுக்கம் கூடினால் ரக்கெட்டின் நடுவில் பட்டால் மட்டுமே ஷட்டில் ஒழுங்காகப் போகும், சற்று விலகினாலும் கை அதிரும், தோள் நோகும். குளிரில் நரம்பு விறைத்து வேகமாக அறும் என்பதால் உங்கள் ஊரில் காசும் விரயம். ரக்கெட்டை உறையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள், விளையாடத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் மெதுவாகத் தட்டி நரம்பைப் பழக்குங்கள். நடுவில் ஒரு நரம்பு அறுந்தால் உடனே மற்றவற்றையும் வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் இழுபட்டுச் சட்டம் வளைந்துவிடும்.