மிதித்தால் குத்தும் கடல் தேரை: கேள்வி-பதில்

தலசோஃபிரைனி என்னும் கடல் தேரை மீன் கடித்தா நஞ்சு ஏறுகிறது?

இல்லை, முள்ளால். முதுகில் இரண்டு, செவுள்மூடியில் பக்கத்துக்கு ஒன்று என நான்கு முட்கள். ஒவ்வொன்றும் ஊசி போல உள்ளே துளையுள்ளது. அடியில் நஞ்சுச் சுரப்பி. அதைப் பிழியத் தனியாகத் தசை கிடையாது. மிதிக்கிறவரின் எடையே சுரப்பியை அழுத்தி நஞ்சை ஏற்றிவிடுகிறது.

பிரேசில் வடகிழக்குக் கரைக்குப் போகிறேன். அங்கே 'நிக்கிம்' என்று சொல்லும் இந்த மீன் குத்தினால் உடனே என்ன செய்வது?

வலி உடனே தொடங்கும், வீக்கம் ஏறும், பிறகு குத்திய இடத்தில் சதை அழுகலாம். கரையேறி, சுத்தமான நீரில் கழுவுங்கள். பிறகு 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை ஊற வையுங்கள். சூட்டை மற்றக் காலால் பாருங்கள். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காமல் தோல் வெந்துவிடும். ஆறினால் வெந்நீர் சேருங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடவே கூடாது. ஏற்கெனவே நசியும் சதைக்கு ரத்தமும் நின்றுபோனால் புண் பெரிதாகும்.

வெந்நீர் வலியைத் தணிக்கும். சதை நசிவதைத் தடுக்கும் என்று நம்பி வீட்டிலேயே இருக்காதீர்கள். உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று மருத்துவமனையில் எக்ஸ்ரே படமெடுத்துப் பார்க்க வேண்டும், டெட்டனஸ் ஊசி போட வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை பெரும்பாலும் போதாது. இதற்கான நச்சுமுறி மருந்து விற்பனையில் இல்லை.

ரப்பர் செருப்பு போதுமா?

போதாது, மெல்லிய அடியை முள் துளைத்துவிடும். தடித்த அடியுள்ள மூடிய காலணி வேண்டும். ஆழமில்லாத மணலில் புதைந்து கிடப்பதால் நீர் தெளிந்திருந்தாலும் மீன் கண்ணில் படாது. வலையில் சிக்கினால் வெறுங்கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுங்கள். நீரை விட்டு வெகுநேரம் உயிரோடு கிடக்கும். அசையாததைச் செத்ததென்று தொடாதீர்கள்.

ஆற்றில் இறங்கினால் பயமில்லைதானே?

அமேசானில் தலசோஃபிரைனி அமசோனிகா முழுக்க நன்னீரில் வாழ்கிறது. முட்கள் அதே அமைப்புதான்.

நம் கடலில் உண்டா? பேத்தையும் இதுவும் ஒன்றா?

இந்தப் பேரினம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. நம் கழிமுகங்களில் இருக்கும் தேரை மீன் ஆலன்பாட்ராகஸ். அதன் முள்ளில் நஞ்சுத் துளை இல்லை. பேத்தை வேறு குடும்பம். அதன் நஞ்சு தின்றால்தான் ஏறும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.