மண்டபத்துக்குள் போராடச் சொல்கிறார்கள்

அன்புள்ள அக்கா,

கம்பம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். எங்கள் ஊர்ப் பெண்கள் தினமும் விடியும் முன்பே ஜீப்பில் அடைந்துகொண்டு, கேரளத்தில் இருக்கிற வண்டன்மேடு, ஆனக்கரா பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். காலை ஐந்து மணிக்கு ஒரு அரசு பஸ் விடுங்கள் என்று கேட்டு, பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் நடத்த மனு கொடுத்தோம். முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "30(2) அமல்ல இருக்கு, வேணும்னா மண்டபத்துக்குள்ள நடத்திக்கோங்க" என்றார்கள். மறுநாள் காலை வந்து நின்ற முப்பது பேரையும் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டார்கள். இப்போது வழக்கும் போட்டிருக்கிறார்கள். ஷாகின்பாக் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே ரோட்டில் போராடக் கூடாது என்று சொல்லிவிட்டதாமே, அப்படியானால் தப்பு எங்கள் மேல்தானா?

*

தம்பி,

தப்பு உங்கள் மேல் இல்லை. முதலில் இதை அந்தப் பெண்களிடம் போய்ச் சொல்லுங்கள், ஏனென்றால் வழக்கு என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

30(2) என்பது 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தில் இருக்கிற ஒரு பிரிவு. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி கெட்டுவிடும் என்று தோன்றுகிற கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரிமம் வாங்கச் சொல்லலாம், உரிமத்தில் நிபந்தனை போடலாம், அதற்குக் கட்டணம்கூட வாங்கக் கூடாது. அவ்வளவுதான் அந்த 30-ஆம் பிரிவில் இருக்கிறது. அதை மாவட்டம் முழுக்க அறிவித்து, முடிய முடிய நீட்டித்து, யார் எங்கே நின்றாலும் தூக்கலாம் என்று ஆக்கிக்கொண்டது பிற்பாடு வந்த பழக்கம். 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: 30(2) ஒழுங்குபடுத்துவதற்கான அதிகாரம், ஜனநாயக எதிர்ப்பை மொத்தமாக முடக்குவதற்கான அதிகாரம் இல்லை. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அரசு ஊழியரின் உத்தரவை மீறினார்கள் என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவின் எண் 223 ஆகியிருக்கிறது, எழுத்துப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்து கேட்கலாம். சின்ன வழக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த முப்பது பேரில் ஒருவருடைய பையனோ பெண்ணோ நாளைக்குப் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டால், உன் மேல் வழக்கு உண்டா என்றுதான் முதலில் கேட்பார்கள், அன்றைக்கு அம்மாவோடு வந்து நின்ற பிள்ளையாக இருந்தால் என்ன பதில் சொல்வது?

ஷாகின்பாக் பற்றி உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். டெல்லியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்த போராட்டத்தைப் பற்றி 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு அது. ஒரு பொதுவழியை மாதக்கணக்கில், முடிவு தெரியாமல் மறித்து உட்கார முடியாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நடத்துங்கள் என்றார்கள். அமைதியாகப் போராடும் உரிமை இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு மணி நேரம் நிற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 1972-லேயே அகமதாபாத் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட், தெருவில் கூட்டம் போடுவதை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் எந்தத் தெருவிலும் கூடாது என்று அடைத்துவிட முடியாது, அதிகாரி மனம்போல மறுக்கவும் முடியாது என்று சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் யாரும் நமக்குப் போன் செய்து சொல்வதில்லை.

போலீஸ் எப்போதுமே தடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 டிசம்பரில், முல்லைப்பெரியாறு பிரச்சினையில் நம் பள்ளத்தாக்கே திரண்டு கேரள எல்லையில் இருக்கிற குமுளியை நோக்கிப் போனதே, அப்போது இங்கே மலையாளிகளின் கடைகளை உடைத்தார்கள், அங்கே தோட்டங்களில் நம் ஆட்கள் அடிவாங்கினார்கள். அன்று 144 போட்டு எல்லையை அடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், உயிர் போகிற நிலைமை இருந்தது. ஆனால் பஸ் கேட்டு நிற்கிற முப்பது கூலிப்பெண்களையும் அந்தக் கூட்டத்தையும் ஒரே கண்ணால் பார்ப்பது என்ன நியாயம்?

மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸ் குறைத்ததற்காக எந்தச் சங்கத்தையும் நம்பாமல் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். போக்குவரத்து நின்றது, சுற்றுலாக்காரர்கள் முனகினார்கள், கடைசியில் அவர்கள் கேட்ட 20 சதவீதத்துக்கு அரசு பேசி முடித்துக் கொடுத்தது. அந்தப் பெண்களை முதல் நாளே வேனில் ஏற்றி மண்டபத்தில் அடைத்திருந்தால் பொம்பிள்ளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது. கேரளத்திலும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 1997-ல் பந்த் என்கிற முழு அடைப்பையே சட்டவிரோதம் என்று அங்கத்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2019-ல் ஹர்த்தாலுக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. மற்றவன் கடையை வலுக்கட்டாயமாக மூடவைக்கிற விஷயத்தில் போட்ட கட்டுப்பாடு அது. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மண்டபத்துக்குள் நடத்தச் சொன்னதுதான் எனக்கு அதிகக் கோபம். பஸ் விட வேண்டியவர்களின் கண்ணில் படத்தானே வெளியே வருகிறோம். நாலு சுவருக்குள் கோஷம் போட்டால் கேட்பது யார், மண்டபத்துக்காரரா?

அப்புறம் அந்த ராத்திரி பத்து மணி. கோர்ட்டுக்குப் போக நேரம் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த நேரத்தில் மறுக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன், பல ஊர்களில் இருந்து இதே கதை எனக்கு வருகிறது. அதனால் இந்த முறை பத்து நாள் முன்னாலேயே மனுக் கொடுங்கள். இடம், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா என்பதெல்லாம் இருக்கட்டும். நகலில் தேதியோடு ஸ்டேஷன் முத்திரை வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கும் அனுப்புங்கள். போனில் மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். நாலைந்து நாளில் பதில் இல்லையென்றால் அனுமதி கொடுக்க உத்தரவிடச் சொல்லி மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டுவிடலாம், இப்படிப்பட்ட மனுக்களில் நிபந்தனையோடு அனுமதி கொடுப்பது அங்கே வழக்கமாக நடப்பதுதான். வக்கீல் செலவு பற்றி யோசிக்க வேண்டாம், காசு வாங்காமல் இதைச் செய்கிறவர்கள் மதுரையில் இருக்கிறார்கள், தனியாக எழுதுங்கள், சொல்கிறேன்.

திரும்பவும் நடத்தத்தான் வேண்டும் தம்பி. பஸ் இன்னும் வரவில்லையே. மனுவில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தேதி முடிவானதும் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா