பருவுக்கு எலுமிச்சையும் டூத்பேஸ்ட்டும் வேண்டாமே

கேள்வி: எனக்கு 21 வயது. நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். தினமும் ஸ்கூட்டரில் கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். கெமிக்கல் எதுவும் வேண்டாம் என்று எலுமிச்சைச் சாறு, சோடா உப்பு, டூத்பேஸ்ட், கஸ்தூரி மஞ்சள் என மாற்றி மாற்றிப் போட்டேன். எரிச்சல்தான் மிச்சம். பரு போன இடமெல்லாம் கறுத்துவிட்டது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: உண்டு. லேசான பருக்களை வீட்டிலிருந்தே பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் இப்போது போடுவதையெல்லாம் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

உங்களைக் கவலைப்படுத்தும் அந்தக் கறுப்புக்குக் காரணம் பரு மட்டும் இல்லை. நம் மாநிறத் தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரக்கும். பரு ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். கறை போக மாதக்கணக்கில் ஆகும். எரிச்சல் தரும் எதைப் பூசினாலும் கறை கூடுமே தவிரக் குறையாது. எலுமிச்சைச் சாறு தோலைவிடப் பல மடங்கு அமிலத்தன்மை கொண்டது. அதைப் பூசிக்கொண்டு சென்னை வெயிலில் வண்டி ஓட்டினால் தோல் வெந்து கறுக்கவும் செய்யும். சோடா உப்பு அதற்கு நேர் எதிராகக் காரத்தன்மை கொண்டது. அதையும் தோல் தாங்காது. டூத்பேஸ்ட் பருவை உலர்த்துவதுபோல் தெரியும், சுற்றியுள்ள நல்ல தோலைப் புண்ணாக்கிவிடும்.

எண்ணெய்ச் சுரப்பியின் வாயை இறந்த செல்கள் அடைத்து, உள்ளே கிருமி பெருகி வீங்குவதுதான் பரு. அந்த அடைப்பு, பரு வெளியே தெரிவதற்கு வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால் நாலு நாளுக்கு ஒரு வைத்தியம் என்று மாற்றினால் எதுவும் பலிக்காது. எதைச் செய்தாலும் 6 முதல் 8 வாரம் விடாமல் செய்யுங்கள்.

காலையிலும், வேலை முடிந்து வீடு திரும்பியதும் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு முகம் கழுவுங்கள். ஸ்க்ரப் வேண்டாம். எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசரும், பகலில் ஜெல் வகை சன்ஸ்கிரீனும் அவசியம். கறை மங்க சன்ஸ்கிரீன் ரொம்பவே உதவும். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி கட்டி, அதைத் தினமும் துவையுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவரா? வியர்வையோடு அது நெற்றியில் வழிந்து துளைகளை அடைக்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து அலசிவிடுங்கள்.

இயற்கையாக ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் சோற்றுக்கற்றாழை போடலாம். மடலை வெட்டிச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்தால் மஞ்சள் பால் வடிந்துவிடும். அரிப்பைத் தருவது அதுதான். ஜெல்லை நன்றாகக் கழுவி, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். முல்தானி மட்டி எண்ணெய்ப்பசையை உறிஞ்சும். வாரம் ஒரு முறை, பத்து நிமிடம் போதும். காய்ந்து வெடிக்கும்வரை விடாதீர்கள். கஸ்தூரி மஞ்சள் உங்களுக்கு எரிகிறது என்பதால் வேண்டாம்.

இவற்றைவிட நம்பகமானது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு 2.5% ஜெல். 10% ஜெல் அளவுக்கு இதுவும் வேலை செய்யும், எரிச்சலோ குறைவு. பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாக, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தொடங்குங்கள். தலையணை உறையின் சாயத்தை வெளுத்துவிடும், வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். கெமிக்கல் என்று பயப்படாதீர்கள். எலுமிச்சையைத் தாங்கிய உங்கள் தோலுக்கு இது எவ்வளவோ மேல்.

சாப்பாட்டில் குளிர்பானம், இனிப்பு, சர்க்கரை தூக்கலான டீ, காபியைக் குறைத்துப் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு சிலருக்குப் பருவைக் கூட்டுகிறது.

ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கச் சொல்வேன். தோழி சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம்களைப் போட்டுவிடாதீர்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் பருவும் சிவப்பும் திரும்பி வந்து, நிறுத்தவே முடியாத நிலையாகிவிடும்.

நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு சிறு சிறு பொரிகளாக இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலோ, தாடையில் முடி வளர்ந்தாலோ ஹார்மோன் பரிசோதனை தேவை. வலியோடு ஆழமான கட்டிகள், குழி விழும் தழும்புகள் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை முகத்தில் போட்ட க்ரீம், பொடி எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள்.