பரிசு வரும் நாளில் யார் வீட்டுப் பிள்ளை?

சென்ற மாதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 'கண்டுபிடிப்பு என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் சாதனை' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. பாதிக் கடிதங்கள் திட்டு. மீதிப் பாதி, மரியாதையாக எழுதப்பட்ட திட்டு.

கே: இரவெல்லாம் கண்விழித்தது பல்கலைக்கழகமா, அதில் வேலை பார்த்த ஆளா?
*– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை*

ஆள்தான் டீச்சர். என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் என் பக்கத்துக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: இடம் கொடுப்பது சின்ன விஷயமில்லை. 1921 கோடையில் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மெக்லவுட் தன் ஆய்வகத்தையும், சோதனைக்கு நாய்களையும், பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுத்திராவிட்டால், இன்சுலின் பற்றி பான்டிங் என்ற மருத்துவருக்கு வந்த யோசனை வெறும் யோசனையாகவே நின்றிருக்கும். 1923-ல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லவுடுக்கும் வந்தது. பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று கொதித்த பான்டிங், தன் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மெக்லவுட் தன் பங்கில் பாதியை, இன்சுலினைத் தூய்மைப்படுத்திய கொலிப்புக்குக் கொடுத்தார். தேர்வுக் குழு விட்ட கணக்கைப் பரிசு வாங்கியவர்களே தங்கள் பையிலிருந்து நேர்செய்தார்கள். அப்படியும் உலகம் அதை இரண்டு பேர் பரிசாகத்தான் எழுதி வைத்திருக்கிறது.

கே: 'எங்களிடம் இத்தனை நோபல்' என்று பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்கின்றனவே, அதை எப்படி எண்ணுகிறார்கள்?
*– மகளை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் தந்தை*

எண்ணுகிற விதம் தெரிந்தால் சிரிப்பீர்கள். அங்கே படித்தவர், ஒரு காலத்தில் பாடம் நடத்தியவர், விருந்தினராக ஓராண்டு வந்துபோனவர் என்று எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒருவரே நான்கைந்து இடங்களின் பட்டியலில் இருப்பார்.

தரவரிசைக்காரர்கள் கொஞ்சம் கண்டிப்பானவர்கள். 2003-ல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் நோபலும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கிய ஆசிரியர்களுக்கு 20 சதவீதம், வாங்கிய முன்னாள் மாணவர்களுக்கு 10 சதவீதம் மதிப்பு. இதில் ஆசிரியர் என்றால் யார்? பரிசு அறிவிக்கப்படும்போது அங்கே வேலையில் இருப்பவர். வேலை நடந்த இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஒரு உதாரணம். 1974-ல் ஜோசப் டெய்லரும் அவருடைய மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் இருந்தார்கள். அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களில் ஒரு பல்சாரைக் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் நட்சத்திரம்) கண்டுபிடித்தார்கள். பரிசு வந்தது 1993-ல். அதற்குள் இருவரும் பிரின்ஸ்டன் போய்விட்டார்கள். பரிசுக் கணக்கும் பிரின்ஸ்டனுக்கே. நாற்றங்கால் ஒருவர் வயலில், அறுவடை இன்னொருவர் களத்தில்.

ஐன்ஸ்டைன் கதை இதைவிட வேடிக்கை. அவருக்குப் பரிசு வாங்கித்தந்த ஒளிமின் விளைவுக் கட்டுரை 1905-ல் வந்தது. அப்போது அவர் பெர்ன் நகரத்தில் காப்புரிமை அலுவலக ஊழியர். அந்த அலுவலகத்தை எந்தத் தரவரிசையிலும் நான் பார்த்ததில்லை. 1921-க்கான பரிசு வந்தபோது அவர் பெர்லினில் வேலை பார்த்தார். பின்னாளில் பெர்லினே இரண்டானது. பழைய பல்கலைக்கழகம் ஹம்போல்ட் என்ற பெயரோடு கிழக்கில் நின்றது, 1948-ல் மேற்கில் ஃப்ரீ யுனிவர்சிட்டி பிறந்தது. போருக்கு முந்தைய நோபல்கள் எல்லாம் யாருடையவை என்று இரண்டுக்கும் தகராறு. சில ஆண்டுகள் ஷாங்காய்க்காரர்கள் இருவரையுமே பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். இறந்துபோன பெரியவரின் பெயருக்காக இரண்டு வீட்டார் அடித்துக்கொண்டது போலத்தான்.

காத்தலின் காரிக்கோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்கவில்லை என்பதால் 1995-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. பத்து வருடம் கழித்து, 2005-ல், ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைதான் பின்னாளில் கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளம். 2013-ல் ஜெர்மனியின் பயோன்டெக் நிறுவனத்துக்குப் போய்விட்டார். 2023-ல் இருவருக்கும் நோபல் வந்ததும் பென்சில்வேனியா கொண்டாடியது. கொண்டாடட்டும், வைஸ்மன் அங்கேதானே இருந்தார். ஆனால் மகளுக்கு இடம் தேடும் நீங்கள், பரிசு வந்த அன்று மாலை போட்டவர்களைப் பார்க்க வேண்டாம். பரிசு வருவதற்கு இருபது வருடம் முன்னால் அந்த ஆளை அங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் இருக்காது, பழைய மாணவர்கள் சொல்வார்கள்.

கே: பல்சாரைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு நோபல் தராமல் அவருடைய கைடுக்குக் கொடுத்தது உண்மையா?
*– கல்லூரி மாணவர்*

உண்மை. ஜோஸ்லின் பெல் அப்போது கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி. ரேடியோ தொலைநோக்கிக்குக் கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1967-ல் அது வேலை செய்யத் தொடங்கியதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாள் சுருள் வரும். அத்தனையையும் கண்ணால் பார்த்துப் படிப்பது அவர் வேலை. அந்தத் தாளில் ஒரு சின்னக் கிறுக்கல். குறுக்கீடு என்று தள்ளியிருக்கலாம். அவர் தள்ளவில்லை. வானத்தின் அதே இடத்திலிருந்து அது திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது, சுமார் 1.33 விநாடிக்கு ஒருமுறை சீரான துடிப்பு. இரண்டாவது பல்சாரையும் அவரேதான் கண்டார். 1968 கட்டுரையில் ஐந்து பெயர்கள்: முதலில் நெறியாளர் ஹூவிஷ், இரண்டாவது பெல். 1974 நோபல் ஹூவிஷுக்கும், கேம்பிரிட்ஜின் இன்னொரு வானியலாளர் ரைலுக்கும்.

வானியலாளர் ஃபிரெட் ஹொய்ல் அதை வெளிப்படையாகவே கண்டித்தார். பெல் சண்டைக்குப் போகவில்லை. மிக அபூர்வமான நேரங்களில் தவிர ஆராய்ச்சி மாணவர்களுக்கு நோபல் கொடுப்பது பரிசையே குறைத்துவிடும், என்னுடையது அப்படி அபூர்வமானதில்லை என்கிற மாதிரிதான் 1977-ல் பேசினார். இந்த இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடையது அபூர்வமில்லை என்றால் வேறு எது? மேலே சொன்ன ஹல்ஸும் ஆராய்ச்சி மாணவர்தான், அதுவும் பல்சார்தான், அவருக்குக் கொடுத்தார்களே. இடையில் 19 வருடம் போயிருந்தது, அவ்வளவுதான்.

2018-ல் பெல்லுக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தது. முழுவதையும், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவுகளிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். டி.என்.ஏ. ஆய்வாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பற்றியும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை இந்தப் பக்கத்திலேயே பலமுறை எழுதியாகிவிட்டது, விட்டுவிடுவோம்.

கே: மூன்று வருட உழைப்பு. சோதனை, கணக்கு, எழுத்து எல்லாம் நான். கைடு தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். "என் பெயரும் நம் துறையின் பெயரும் முன்னால் இருந்தால்தான் பெரிய ஜர்னலில் எடுப்பார்கள்" என்கிறார். என்ன செய்வது?
*– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆராய்ச்சி மாணவி*

அம்மா, உங்கள் கைடு சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை விற்கிறார்.

உண்மையான பாதி இது. 2022-ல் ஒரு சோதனை வெளியானது. நிதித்துறைக் கட்டுரை ஒன்றை ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரிவ்யூவர்களிடம், அதாவது அச்சுக்கு முன் கட்டுரையை மதிப்பிடுபவர்களிடம், கொடுத்தார்கள். எழுதியவர் இருவர்: நோபல் பெற்ற வெர்னன் ஸ்மித், அவரோடு யாருக்கும் தெரியாத ஒரு இளைஞர். இளைஞரின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள். ஸ்மித்தின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 23 சதவீதம். பெயரே காட்டாதபோது 48. கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பெயருக்கு எடை உண்டு, மறுக்க முடியாது.

ஆனால் அந்த எடை பெயர் *இருப்பதால்* வருகிறது. முதலில் இருக்க வேண்டும் என்பதில்லை. சோதனைச்சாலை அறிவியல்களில் கைடு உட்காரும் நாற்காலி பட்டியலின் கடைசியில்தான், கூடவே கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைப்பவர் என்ற பொறுப்பு. எந்த எடிட்டருக்கும் இது தெரியும். உங்கள் கைடுக்கும் தெரியும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை.

ஆல்பர்ட் ஷாட்ஸ் கதையைக் கேளுங்கள். 1943-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் 23 வயது மாணவர். காசநோய்க் கிருமியோடு வேலை என்பதால் ஆய்வகம் கட்டடத்தின் அடித்தளத்தில். அங்கேதான் காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிறந்தது. 1944 கட்டுரையில் முதல் பெயர் அவருடையது, அடுத்து எலிசபெத் பூகி, கடைசியில் பேராசிரியர் வாக்ஸ்மன். ஒழுங்காகத்தான் தொடங்கியது. காப்புரிமையை இருவரும் பல்கலைக்கழக அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் ராயல்டியில் ஒரு பங்கு வாக்ஸ்மனுக்குப் போய்க்கொண்டிருந்தது ஷாட்ஸுக்குத் தெரியாது. 1950-ல் வழக்குப் போட்டார். சமரசத்தில் அவரை இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொண்டார்கள், ராயல்டியில் 3 சதவீதம் தந்தார்கள். 1952-ல் நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும். சொந்தக் கைடின் மேல் வழக்குப் போட்டவர் என்று துறையில் அவரைச் சேர்க்கவே தயங்கினார்கள். ரட்கர்ஸ் அவருக்குப் பதக்கம் கொடுத்தது 1994-ல்.

அவர் பக்கம் கடைசிவரை நின்றது ஒரு நோட்டு. 1943 ஆகஸ்ட் 23 என்று தேதி போட்ட, பதினோராவது சோதனை என்று தலைப்பிட்ட பக்கம், அவர் கையெழுத்தில். அதனால் முதல் வேலையாக உங்கள் லேப் நோட்டை எடுத்து, தேதி விட்டுப்போன பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுரையின் ஒவ்வொரு வடிவத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், வாய்ப்பேச்சு போதாது.

அடுத்து, நேராக மோதாதீர்கள். ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். பல ஜர்னல்கள் இப்போது யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளைக் குறிக்கச் சொல்கின்றன: கருத்து, முறை, அளவீடு, முதல் வரைவு, மேற்பார்வை, நிதி என்று போகும். அந்தப் படிவத்தை நிரப்பி, "சார், இது சரியா பாருங்க" என்று அவரிடமே கொடுங்கள். முதல் வரைவு என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுத எல்லோருக்கும் கை வராது. மருத்துவ ஜர்னல்களின் பொதுவிதியும் உங்கள் பக்கம்தான்: நிதி வாங்கித் தந்ததோ பொதுவாக மேற்பார்த்ததோ மட்டும் ஒருவரைக் கட்டுரை ஆசிரியராக்காது. இதற்கும் மசியவில்லையென்றால் துறையில் நம்பகமான மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஜர்னலுக்குப் புகார் எழுதினால் தீர்ப்புக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெயர்த் தகராறு என்றால் அவர்கள் உங்கள் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கே: எங்கள் கல்லூரி சின்னது. பெயரைப் பார்த்தே கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறார்களோ என்று சந்தேகம். பிரமையா?
*– உதவிப் பேராசிரியர்*

பிரமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீட்டர்ஸ், சீசி என்ற இரு உளவியலாளர்கள் 1982-ல் வெளியிட்ட ஒரு குறும்பு உண்டு. பெரிய பல்கலைக்கழகங்களிலிருந்து வந்து ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்தார்கள். எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும், யாரும் கேள்விப்படாத கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே ஜர்னல்களுக்கே மீண்டும் அனுப்பினார்கள். மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிப்பு. பழையது என்று யாரும் சொல்லவில்லை. ஆய்வு முறையில் கோளாறு என்றார்கள்!

ஒன்பது கட்டுரை என்பது சின்னக் கணக்கு, பெரிதாக நிறுவிவிட முடியாது என்று அப்போதே சண்டை நடந்தது. இருந்தாலும், எழுதியவர் பெயரை ரிவ்யூவருக்குக் காட்டாத ஜர்னல் உங்கள் துறையில் இருந்தால் முதலில் அங்கே அனுப்புங்கள். 1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் தன் கட்டுரையை நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றிக் கொடுத்தார். இன்று அவர் பெயரால் வந்த போசான் என்ற துகள் வகையைச் சொல்லாமல் இயற்பியல் பாடம் நடக்காது. எல்லோருக்கும் ஐன்ஸ்டைன் கிடைக்க மாட்டார், தெரியும். ஆனால் வரைவை முதலிலேயே படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு பெரியவராவது கிடைப்பார்.

கே: ஒரே கட்டுரைக்கு 5,000 பேர் ஆசிரியர்களாமே!
*– பொழுதுபோகாத வாசகர்*

5,154. ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை அளந்த 2015-ம் வருடக் கட்டுரை. மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயரும் ஊரும். அங்கே யாரும் முதல் பெயருக்குச் சண்டை போடவில்லை, அகர வரிசை.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் செய்யாத வேலைக்கு உங்கள் பெயர் வந்ததுண்டா?
*– அதே ஓய்வுபெற்ற ஆசிரியை, இரண்டாவது கடிதத்தில்*

உண்டு டீச்சர். நான் எக்ஸ்ரே கருவிக்குப் பொறுப்பாளனாக இருந்த காலம். வேறு துறை மாணவர் ஒருவர் இரவு நேரம் கேட்டார், சாவியைக் கொடுத்தேன். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக அளந்தார். நடுவில் கருவி கோணிக்கொண்டபோது எங்கள் டெக்னீஷியன் இரண்டு நாள் தரையில் படுத்துக்கொண்டு அதைச் சரிசெய்தார். கட்டுரை வந்தபோது மூன்றாவது பெயர் என்னுடையது. டெக்னீஷியன் நன்றி வரியில்கூட இல்லை. நான் கேட்கவும் இல்லை. பதவி உயர்வு நேர்காணலில் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் எடுத்து நீட்டினேன்.

என் பெயரில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது இன்றும் அதுதான். போன வாரம் உங்கள் கடிதம் வந்த அன்று கூகுள் ஸ்காலரில் என் பக்கத்தைத் திறந்தேன். கட்டுரையைக் கணக்கிலிருந்து நீக்க வழி இருக்கிறது, பார்த்தேன். இன்னும் நீக்கவில்லை.