எதைக் கண்டால் ஒதுங்க வேண்டும், எதை அருகில் போய்ப் பார்க்கலாம்?

டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், உயிரினங்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கறுப்பில் வெள்ளை வரி போட்ட சிறிய பாம்பு ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுவிரியன் என்று அடித்துவிட்டார்கள். கட்டுவிரியன் சுவர் ஏறுமா? (வாசகி, பட்டுக்கோட்டை)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஓநாய்ப் பாம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். விஷம் கிடையாது. பல்லி பிடிக்கத்தான் சுவர் ஏறும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு போகிற பாம்பு.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரியில் தெரியும். ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்துப் பக்கம் வரி பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலைப்பக்கம் வரி இருக்காது, அல்லது மங்கலாக இருக்கும். பின்னால் போகப்போகத் தெளிவாகும், பல இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்து வரும். உடம்பு எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். இதைச் சொன்னது தள்ளி நின்று பார்ப்பதற்குத்தான். சந்தேகம் என்றால் அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துணியை அடைத்துவிட்டு, 101-க்குப் போன் போடுங்கள். தீயணைப்பு நிலையத்தார் வந்து பிடித்துப் போவார்கள்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் கலங்கடித்த பாம்பு இதுதான். பகலில் அது சாதுவாகச் சுருண்டு கிடக்கும். எலி, தவளை, மற்றப் பாம்புகளைத் தேடி இரவில்தான் வெளியே வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது அதன் மேல் கை பட்டால் கடித்துவிடும். பல் மிகச் சிறியது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல சமயம் கடிவாயே தெரியாது. கடிபட்டவர் எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார், அல்லது கடித்தபோது விழித்துக்கொள்ளவே மாட்டார்.

விடியற்காலையில் வயிற்று வலி, தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று ஒருவர் வந்தால், "நேற்று எங்கே படுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். தரையில் என்றால் உடனே கண்ணைப் பார்ப்போம். மேலே பார்க்கச் சொன்னால் இமை தூக்க முடியாமல் பாதியில் நிற்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். முதலில் இருபது வரை எண்ணியவர், கொஞ்ச நேரம் கழித்துப் பத்திலேயே மூச்சு வாங்கினால், மூச்சுத் தசை தளர்கிறது என்று அர்த்தம். வென்டிலேட்டர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு அப்போதே அனுப்ப வேண்டும். இமை மூடி, கை கால் அசையாமல் கிடந்தாலும் அவருக்கு நாம் பேசுவது கேட்கும். பக்கத்தில் நின்று அழாதீர்கள், தைரியம் சொல்லுங்கள். சுவாசத்தைத் தாங்கிப் பிடித்தால் நன்றாக எழுந்து நடந்து போவார்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாத வீட்டில் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கொசுவுக்காக வாங்கிய வலை பாம்பையும் தடுக்கும்.

அரணை கடித்தால் மரணம் என்கிறார்களே? (வாசகர், விராலிமலை)

அரணைக்கு விஷமே இல்லை. பூச்சி தின்று, தோட்டத்தில் ஓடி ஒளிகிற அப்பாவி அது. பார்க்க வேண்டியது அதன் வழுவழுப்பான செதிலை, வெயிலில் வெண்கலம் மாதிரி மின்னும். பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்பதும் இதே ரகம். ஆனால் பல்லியின் எச்சத்தில் கிருமி இருக்கும், அதனால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டுவதே சரி.

வயல் வரப்பில் நாகமும் சாரையும் பிணைந்து ஆடுவதைப் பார்த்தோம். மேலே வெள்ளைத்துணி போட்டால் நல்லது என்று அப்பா போட்டார். உண்மையா? (வாசகர், நன்னிலம்)

நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள். பெண்ணுக்காகவும் இடத்துக்காகவும் மல்லுக்கட்டுகின்றன. ஒன்றை ஒன்று கடிக்காது. எது மற்றதன் தலையைக் கீழே அழுத்துகிறது என்பதுதான் போட்டி. நாகமும் சாரையும் இணை சேர்வது கிடையாது.

துணி போட்டால் மிரண்டு ஓடிவிடும், பார்க்கிற வாய்ப்புதான் போகும். சாரைக்கு விஷமில்லை, ஆனால் பிடித்தால் ஓங்கிக் கடிக்கும். பத்தடி தள்ளி வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். நம் ஊரில் இலவசமாகக் கிடைக்கிற பெரிய காட்சி இது. எலியைத் தின்கிற பாம்பை வயலில் அடித்துப்போட்டுவிட்டு, எலி மருந்துக்குச் செலவு செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறவே ஆறாது.

தோப்பில் கை நீளத்துக்கு நட்டுவாக்காலி கிடந்தது. அது கொட்டினால் பிழைக்க முடியாதாமே? (வாசகி, பேராவூரணி)

கறுத்துப் பெரிய இடுக்கியோடு இருக்கிற நட்டுவாக்காலி கொட்டினால் கடுமையாக வலிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து அபூர்வம். பயப்பட வேண்டியது அதைவிடச் சிறிய செந்தேளுக்கு. உடம்பு செம்பழுப்பு, இடுக்கி மெல்லியது, வால் தடித்தது. செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், ஓட்டு வீட்டுக் கூரை, கழற்றிப்போட்ட செருப்பு, இங்கெல்லாம் இருக்கும்.

குழந்தைக்குச் செந்தேள் கொட்டி, உடம்பு தெப்பலாக வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டுப்போனால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. விஷம் இதயத்தைத் தாக்குகிறது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு இதை ஆராய்ந்தவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரை இதற்கு உதவும் என்று காட்டியவர். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வார்டு ஆளுக்கே கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். செல்போனை வைத்துவிட்டு அவர்கள் பார்க்கத்தக்க உயிர் ஏதாவது சொல்லுங்கள். (வாசகர், குளித்தலை)

கூகை என்ற ஆந்தையைக் காட்டுங்கள். கோபுரப் பொந்தில், பழைய நெல் கிடங்கில் இருக்கும். அபசகுனம் என்று விரட்டுகிறார்கள், பாவம். இருட்டும் நேரத்தில் பிள்ளைகளோடு பேசாமல் உட்கார்ந்தால், வெள்ளையாக ஒன்று இறக்கைச் சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே போகும். எலி நடக்கிற ஓசையைக் காதால் கேட்டே பிடிக்கிற பறவை. அதற்காகத்தான் விவசாயிகள் வயலில் குறுக்குக் கட்டை வைத்த குச்சியை நட்டு, உட்கார இடம் கொடுக்கிறார்கள்.

மறுநாள் காலையில் பொந்துக்குக் கீழே தேடுங்கள். கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் உருண்டை கிடக்கும். எச்சம் அல்ல, செரிக்காததை வாய் வழியாகக் கக்கியது. தண்ணீரில் ஊறவைத்து, கையுறை போட்டுக் குச்சியால் பிரித்தால், எலி முடிக்குள் மண்டை ஓடு முழுசாக வரும், மஞ்சள் முன்பல்லோடு. நான் காட்டிய பிள்ளைகளில் ஒருவர்கூட அருவருப்படையவில்லை, எத்தனை எலி என்று மண்டை ஓடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம், குளித்தலையில் இருக்கிறீர்கள், கடவூர் உங்களுக்குப் பக்கம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022-இல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். கால் கிலோ எடைதான் இருக்கும். குச்சிக் கை கால், முகம் முழுக்கக் கண். கிளையில் ஒவ்வொரு கையாக மெல்ல எடுத்து வைத்து நடந்து, பூச்சியைச் சட்டென்று பிடிக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதி கிடைத்தால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. பிடித்துக் கையில் வைத்துப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம்.

மசினகுடி சாலையோரம் யானை நின்றால் இறங்கிப் படம் எடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. வண்டியை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். குட்டியோடு நின்றால் இன்னும் பின்னால் தள்ளி நிறுத்துங்கள்.

தெருவில் பிறந்த நாய்க்குட்டியோடு மகள் விளையாடும்போது பல் லேசாகக் கீறிவிட்டது. குட்டிதானே, ஊசி வேண்டுமா? (வாசகி, திருவாரூர்)

வேண்டும். இந்தக் கடிதம் அச்சாகும் வரை காத்திருக்காமல் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெறிநோய் குட்டிக்கும் வரும், அறிகுறி தொடங்கிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. கீறலை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதுவும் வைக்கக் கூடாது. ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். குட்டிக்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள்.

கடித்த பாம்பை அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமா? (வாசகர், முத்துப்பேட்டை)

வேண்டாம். பாம்பைத் தேடிப் போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது நடக்கிற விஷயம். டாக்டர்கள் உடம்பில் தெரிகிற அறிகுறியை வைத்துத்தான் மருந்து கொடுப்பார்கள். கண்ணாடிவிரியன் சந்தேகம் என்றால் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் இருளர்கள். 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எங்கள் மருத்துவமனையில் பிழைத்துப் போன ஒவ்வொருவரும் அவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் இறுக்கும். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலைக் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்து அனுப்புங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.